ஒரு ஊரின் ஓட்டும் ஒரு அம்மாவின் சுகர் நோட்டும்

சொந்தங்களே, இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்லை. கொஞ்சம் தேர்தல் வரலாறு. நீளமான பதிவுதான், டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க. எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேட்கப் போறதில்லை, அதனால பயப்பட வேண்டாம்.

1/
2024 ஏப்ரல். மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய வாரம். திருவண்ணாமலைக்குப் பக்கத்து கிராமத்துல இருந்து 78 வயசு அம்மா ஒருத்தரை மகன் கூட்டிட்டு வந்திருந்தார். பல வருஷ சர்க்கரை நோய். கூடவே முட்டி வலி.

அந்தம்மா கேட்ட முதல் கேள்வி சுகர் பத்தி இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்க முடியுமா தம்பி? ஓட்டு போடணும்."

மகன் சிரிச்சுட்டார். "85 வயசுக்கு மேல இருந்தா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போவாங்க. அம்மாவுக்கு இன்னும் 7 வருஷம் இருக்கு டாக்டர். ஒரு தடவை போடலன்னா என்ன ஆயிடப் போவுது? எங்க ஊர்ல யாரு யோசிச்சுப் போடறாங்க? சாதி பார்ப்பாங்க, துட்டு பார்ப்பாங்க, வீட்ல பெரியவங்க காட்டுற சின்னத்துல குத்திட்டு வந்துடுவாங்க."

அம்மா ஒண்ணும் பேசல. கையில வெச்சிருந்த சுகர் நோட்டை என்கிட்ட நீட்டினாங்க.

2/
அந்த நோட்டைப் பத்தி சொல்லணும். மாசாமாசம் வெறும் வயித்துல எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, எல்லாம் தேதியோட எழுதி இருந்தது.

ஒரே ஒரு நாள் ரீடிங்கை மட்டும் பார்த்து எந்த மருத்துவரும் நீண்ட கால முடிவு எடுக்க மாட்டார். காய்ச்சல் வந்த வாரத்துல சுகர் ஏறும். விரதம் இருந்த நாள்ல இறங்கும். அந்த ஒரு நம்பரை வெச்சு "உங்க உடம்பே இப்படித்தான்"னு சொல்லிட முடியாது. நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டினாத்தான் கதை தெரியும்.

ஒரு ஊரோட ஓட்டும் அப்படித்தான். அந்த மகன் ஒரு ரீடிங்கைப் பார்த்து மொத்த ஊருக்கும் நோயின் பேரை எழுதிட்டார். வாங்க, நாம திருவண்ணாமலையோட நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டுவோம்.

3/
முதல் பக்கம், 1952. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல்.

அப்போ திருவண்ணாமலை தனி மாவட்டம் கிடையாது. வட ஆற்காடு மாவட்டத்துல ஒரு பகுதி. (தனி மாவட்டமானது 1989ல்.) சென்னை மாகாண சட்டமன்றத்துல மொத்தம் 375 இடம். விடுதலை வாங்கித் தந்த கட்சின்னு பேர் இருந்தும் காங்கிரஸுக்குக் கிடைச்சது 152தான். பெரும்பான்மை இல்லை.

காங்கிரஸை இந்த வட மாவட்டங்கள்ல தடுத்தவங்க யார்? வன்னியர் சமூகத்தை அடித்தளமா கொண்ட இரண்டு கட்சிகளுக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. தென் ஆற்காட்டுல எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி, 19 இடம். வட ஆற்காட்டுல எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி, 6 இடம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில சேர்ந்தார். 1954ல் காமராஜர் முதல்வரானதும் படையாட்சியாரும் அமைச்சரானார். தலைவர்கள் காங்கிரஸ் பக்கம் போயிட்டாங்க. அவங்களுக்கு ஓட்டு போட்ட சனம் முழுசா பின்னாடியே போச்சா?

4/
போகல. அடுத்த பக்கம், 1957.

1949ல் தொடங்கின திமுக 1952 தேர்தல்ல நிக்கவே இல்லை. 1956 திருச்சி மாநாட்டுல "தேர்தல்ல நிக்கலாமா, வேண்டாமா?"ன்னு வந்தவங்ககிட்டயே ஓட்டு எடுத்து, நிக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. 1957ல் அது அங்கீகாரம் பெற்ற கட்சியா கூட இல்லை. அதனால ஜெயிச்சவங்க பேருக்கு நேரா அரசுப் பதிவுல "சுயேச்சை"ன்னுதான் இருக்கும்.

அந்தத் தேர்தல்ல திமுகவுக்கு 15 எம்எல்ஏ, 2 எம்பி.

அந்த 2 எம்பி யார்னு தெரியுமா? ஒருத்தர் நாமக்கல்லில் ஈ.வெ.கி.சம்பத். இன்னொருத்தர் திருவண்ணாமலையில் இரா.தர்மலிங்கம். 15 எம்எல்ஏக்கள்ல ஒருத்தர் திருவண்ணாமலையின் ப.உ.சண்முகம்.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. அண்ணாமலையார் கோயில், கார்த்திகை தீபம், கிரிவலம், ரமணாசிரமம். தமிழ்நாட்டுலயே ஆன்மிக ஊர்னு சொன்னா முதல்ல நினைவுக்கு வர்ற ஊர்கள்ல ஒண்ணு. பெரியார் பள்ளியில இருந்து வந்த ஒரு கட்சிக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்ட இரண்டு தொகுதிகள்ல ஒண்ணு இந்த ஊர்தான்.

வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டா "எப்படி?"ன்னு ஆச்சரியப்படுவாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு இதுல ஆச்சரியமே கிடையாது. தீபத்தன்னிக்கு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடற அதே ஆள்தான் தேர்தலன்னிக்கு வேற கணக்குப் போடுவார். சாமி கணக்கு தனி, சர்க்கார் கணக்கு தனி.

சர்க்கார் கணக்குல என்ன இருந்தது? நெசவாளி துணி விக்காம தவிச்ச காலத்துல, 1953ல், அண்ணா உள்ளிட்ட திமுகவினர் கைத்தறித் துணியைத் தோள்ல போட்டுத் தெருத்தெருவா வித்தாங்க. ஆரணி மாதிரி தறி ஓடுற ஊர்கள் இருக்குற மாவட்டத்துல அது சாதாரண விஷயமில்லை. அதோட டீக்கடை பேப்பர், படிப்பகம், மேடைப் பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் ஒருத்தர் சத்தமா வாசிச்சுக் காட்டுவார். மலிவான பிரச்சாரம், ஆனா ஊருக்குள்ள நல்லா இறங்கிடுச்சு.

5/
1962. காமராஜர் விட்டுடுவாரா? திமுக ஜெயிச்ச 15 தொகுதிகளையும் குறி வெச்சு வேலை செய்தது காங்கிரஸ். அந்த 15 பேர்ல தஞ்சாவூருக்கு மாறிப் போட்டியிட்ட கருணாநிதி ஒருத்தர்தான் தப்பிச்சார். அண்ணா காஞ்சிபுரத்துலயே தோத்தார். திருவண்ணாமலையிலும் சட்டமன்றத் தொகுதி காங்கிரஸ் கைக்குப் போச்சு.

ஆனா அதே தேர்தல்ல மக்களவைக்கு இரா.தர்மலிங்கம் திருவண்ணாமலையில மறுபடி ஜெயிச்சார்!

அடுத்த வருஷமே, 1963ல், இங்க சட்டமன்ற இடைத்தேர்தல். ஆளுங்கட்சி முழு பலத்தோட இறங்கியும் ப.உ.சண்முகம் ஜெயிச்சார்.

சரி, அப்போ இது திமுக கோட்டை ஆயிடுச்சா? நோட்டுல அடுத்த பக்கத்தைப் பாருங்க.

6/
1967. இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்குப் படி அரிசி வாக்குறுதி. தமிழ்நாடே புரண்டது. விருதுநகர்ல காமராஜரே தோத்தார். முதல்வர் பக்தவத்சலம் தோத்தார். அண்ணா முதல்வரானார்.

பத்து வருஷம் முன்னாடியே திமுகவுக்குக் கதவைத் திறந்த திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதி அந்தத் தேர்தல்ல யாரை அனுப்புச்சு? காங்கிரஸை.

மாநிலம் காங்கிரஸ் பக்கம் நின்னப்போ இவங்க மாத்திப் போட்டாங்க. மாநிலம் மாறினப்போ இவங்க காங்கிரஸுக்குப் போட்டாங்க. 1971ல் திரும்பவும் ப.உ.சண்முகம், திமுக.

"அலை அடிச்சா எல்லாரும் ஒரே பக்கம் சாய்வாங்க"ன்னு சொல்றவங்க இந்தப் பக்கத்தை ஒரு தடவை படிக்கணும்.

7/
1977. நெருக்கடி நிலை முடிஞ்சு மக்களவைத் தேர்தல். இப்போ திருவண்ணாமலை, திருப்பத்தூர் மக்களவைத் தொகுதிக்குள்ள இருக்கு. (தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2009ல்தான் திருவண்ணாமலை பேர்ல மறுபடி மக்களவைத் தொகுதி வந்தது.)

எம்ஜிஆர் கட்சி தொடங்கி 5 வருஷம். அதிமுக, காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டை அள்ளுச்சு. 39 இடத்துல திமுகவுக்குக் கிடைச்சது வெறும் 2. ஒண்ணு வடசென்னை. இன்னொண்ணு நம்ம திருப்பத்தூர், சி.என்.விசுவநாதன்.

1957ல் 2, அதுல ஒண்ணு இங்க. 1977ல் 2, அதுலயும் ஒண்ணு இங்க. இருபது வருஷ இடைவெளியில இப்படி ஒரு ஒற்றுமை.

8/
இப்போ காய்ச்சல் வந்த வாரத்து ரீடிங் இரண்டு.

1984 டிசம்பர். இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாசம் கூட ஆகலை. எம்ஜிஆர் அமெரிக்க மருத்துவமனையில படுத்திருக்கார். திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதி காங்கிரஸுக்கு.

1991 ஜூன். ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு மூணு நாலு வாரம்தான். மாநிலம் முழுக்க திமுக 2 இடத்துல மட்டும் ஜெயிச்சது. திருவண்ணாமலை மறுபடி காங்கிரஸுக்கு.

இரண்டுமே துக்கத்துல நடந்த தேர்தல். அதுக்கு அடுத்த தேர்தல்கள்ல, 1989லயும் 1996லயும், இரண்டு தடவையும் ஒரே ஆளைத்தான் இந்தத் தொகுதி தேர்ந்தெடுத்தது. திமுகவின் கு.பிச்சாண்டி. காய்ச்சல் விட்டதும் சுகர் பழைய நிலைக்குத் திரும்பற மாதிரி.

1984 முடிவை மட்டும் பார்த்தவர் "இது காங்கிரஸ் தொகுதி"ன்னு எழுதியிருப்பார். 1989ஐ மட்டும் பார்த்தவர் "திமுக தொகுதி"ன்னு எழுதியிருப்பார். இரண்டுமே அரைகுறை.

9/
1989ல் இன்னொரு விஷயமும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் இதுதான்.

ஜனவரியில சட்டமன்றத் தேர்தல். திருவண்ணாமலை திமுகவுக்கு. நவம்பர்ல மக்களவைத் தேர்தல். திருப்பத்தூர் காங்கிரஸுக்கு, அ.ஜெயமோகன். திமுகவுக்கு மாநிலத்துலயே ஒரு மக்களவைத் தொகுதி கூட கிடைக்கல. நடுவுல பத்து மாசம்தான்.

சனங்களுக்குப் பத்து மாசத்துல மறதியா? இல்லை. ஜனவரியில கேட்ட கேள்வி "சென்னையில யார் ஆளணும்?" நவம்பர்ல கேட்ட கேள்வி "டெல்லியில யார் ஆளணும்?" இரண்டு கேள்விக்கு இரண்டு பதில்.

1980லயும் தமிழ்நாடு இதையே செய்தது. ஜனவரியில மக்களவைக்கு காங்கிரஸ், திமுக கூட்டணி. அதே வருஷம் நடுவுல சட்டமன்றத்துக்கு எம்ஜிஆர். படிச்சவங்க "இவங்களுக்குக் கொள்கையே இல்ல"ன்னு திட்டினாங்க. எனக்கென்னவோ கேள்வியைச் சரியா புரிஞ்சுக்கிட்டு பதில் எழுதின மாணவன் மாதிரிதான் தெரியுது.

10/
"அதெல்லாம் சரி டாக்டர், சாதி?"ன்னு கேட்பீங்க. கேட்கணும்.

சாதி இல்லைன்னு சொன்னா அது பொய். 1952ல் கட்சியாவே வந்த கோரிக்கை, தலைவர்கள் அமைச்சரானதோட அடங்கிப் போனதா எல்லாரும் நினைச்சாங்க. பாதி மருந்தோட நிறுத்தின சீழ்க்கட்டி மாதிரி அது உள்ளயே இருந்தது. 1987 செப்டம்பர்ல வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியலா வெளியே வந்தது. 21 உயிர் போச்சு. 1989ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20% இட ஒதுக்கீடு வந்தது. அதே வருஷம் பாமக பிறந்தது. 1952க்கும் 1989க்கும் நடுவுல 37 வருஷம்.

ஆனா சாதி இருக்குன்னா, எல்லா ஓட்டும் ஒரே பெட்டியில விழும்னு அர்த்தமா? 2009ஐப் பாருங்க. புதுசா வந்த திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில, அதிமுக கூட்டணியில பாமக சார்பா நின்னவர் வன்னியர் சங்கத் தலைவர் காடுவெட்டி குரு. வன்னியர்கள் கணிசமா வாழற தொகுதி. ஜெயிச்சது திமுகவின் த.வேணுகோபால், அதுவும் ஒரு லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல.

சாதி ஒரு காரணம். விவசாயிக்குக் கடன், நெசவாளிக்கு நூல் விலை, பிள்ளைக்கு வேலை, வேட்பாளர் நல்லது கெட்டதுக்கு வந்து நிப்பாரா, கூட்டணியில யார் யார், இதெல்லாம் மத்த காரணங்கள். ஒரு மனுஷனுக்கு ஏன் சுகர் வந்ததுன்னு கேட்டா பரம்பரைன்னு ஒரே வார்த்தையில முடிக்க முடியுமா? அதே மாதிரிதான்.

11/
1996 முதல் 2021 வரை 6 சட்டமன்றத் தேர்தல். ஆறுலயும் திருவண்ணாமலை திமுகவுக்கு. 2006 வரை பிச்சாண்டி, 2011ல் இருந்து எ.வ.வேலு.

2011ல் திமுகவுக்கு மாநிலம் முழுக்க 23 இடம்தான். அந்த 23ல் ஒண்ணு திருவண்ணாமலை. மாவட்டத்துல இருக்குற மத்த தொகுதிகள் எதிரணிக்குப் போனப்பவும் இது போகல. 2021லயும் மாவட்டத்தின் 8 தொகுதிகள்ல போளூரும் ஆரணியும் அதிமுகவுக்குத்தான் போச்சு. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே மழை, ஒரே வெயில், வேற வேற முடிவு.

அப்போ இதுதான் மாறாத கோட்டையா? 2014 மக்களவைத் தேர்தல்ல இதே திருவண்ணாமலை மக்களவைத் தொகுதி அதிமுகவின் வனரோஜாவுக்குப் போச்சு. 2019ல் திமுகவின் சி.என்.அண்ணாதுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல வித்தியாசம்.

தலைவர்களும் ஒரே இடத்துல நிக்கல. திமுகவுக்கு இந்த ஊரைப் பிடிச்சுக் கொடுத்த ப.உ.சண்முகம் பின்னாள்ல அதிமுகவுக்குப் போய் அதன் பொதுச்செயலாளராவே இருந்தார். 1984ல் பக்கத்து தண்டராம்பட்டுல அதிமுக எம்எல்ஏவா ஜெயிச்ச எ.வ.வேலுதான் பின்னாள்ல திமுகவின் பெரிய தலைவர்கள்ல ஒருத்தரானார். தலைவர்கள் கட்சி மாறினா "அரசியல்"னு சொல்றோம். சனங்க மாத்திப் போட்டா "புத்தி இல்ல"ன்னு சொல்றோம். நியாயமா இது?

12/
பணம். இதையும் மூடி மறைக்க மாட்டேன். ஓட்டுக்குப் பணம் கொடுக்கறதும் வாங்கறதும் குற்றம். அது உண்மையான நோய். 2019ல் பக்கத்து வேலூர்ல பணம் பிடிபட்டதால மக்களவைத் தேர்தலையே ரத்து பண்ணி, ஆகஸ்ட்ல தனியா நடத்தினாங்க.

ஆனா இந்த 70 வருஷ நோட்டைப் பணத்தை மட்டும் வெச்சு விளக்க முடியுமா? 1957ல் அங்கீகாரமே இல்லாத ஒரு கட்சிகிட்ட ஆளுங்கட்சியை விட அதிகமா பணம் இருந்ததா? 1963 இடைத்தேர்தல்ல? இரண்டு பக்கமும் பணம் கொடுக்கற ஊர்ல, வாங்கினவங்க எப்படி முடிவு எடுத்தாங்கன்னு யாராவது கேட்டோமா?

13/
இது திருவண்ணாமலைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அமெரிக்காவுல ஒரு சின்ன கிராமத்துப் பகுதியைச் சொல்றேன். கென்டக்கி மாநிலம், எலியட் கவுன்ட்டி. கவுன்ட்டின்னா அவங்க ஊர் மாவட்டம் மாதிரி. சனத்தொகை 7 ஆயிரத்துச் சொச்சம். மலை, புகையிலை விவசாயம்.

1869ல் உருவான கவுன்ட்டி. அதுக்கப்புறம் 2012 வரைக்கும் எல்லா அதிபர் தேர்தல்லயும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 140 வருஷம்! 2016ல் முதல் தடவையா குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு, அதுவும் சுமார் 70% ஓட்டு. பத்திரிகைகள் எல்லாம் "ஒரே ராத்திரியில மாறிடுச்சு"ன்னு அதிர்ச்சி அடைஞ்சாங்க.

ஒரே ராத்திரியிலயா? அந்த கவுன்ட்டியோட நோட்டையும் புரட்டுங்க. ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு 2004ல் சுமார் 70%, 2008ல் 61%, 2012ல் 49%, 2016ல் 26%. ஒவ்வொரு தேர்தல்லயும் இறங்கிட்டே வந்திருக்கு. ஜெயிச்சுட்டே இருந்ததால யாரும் கவனிக்கல. 2016லயும் அங்க கட்சிப் பதிவேட்டுல பெரும்பாலானவங்க ஜனநாயகக் கட்சிதான்!

எங்க தொழில்ல இதை நிறைய பார்க்கிறோம். கிரியாட்டினின் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கால் வீங்கற அன்னிக்குத்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்தேனே டாக்டர்"னு வருவாங்க.

கோட்டைன்னு யாராவது சொன்னா அதுல கட்சிக்காரங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. ஜெயிச்சோமான்னு மட்டும் பார்க்காதீங்க. எவ்வளவுல ஜெயிச்சோம்னு போன தடவையோட சேர்த்து வெச்சுப் பாருங்க.

14/
திரும்ப என் அறைக்கு வருவோம். முட்டியைப் பார்த்துட்டு, மாத்திரை எழுதிக்கிட்டே அந்தம்மாகிட்ட கேட்டேன்.

"முதல் ஓட்டு எப்பம்மா போட்டீங்க?"

"பக்தவச்சலம் தோத்தாரே, அந்தத் தேர்தல் தம்பி. கண்ணாலம் ஆன புதுசு."

அப்போ ஓட்டுரிமைக்கு 21 வயசு ஆகணும். (18 ஆனது 1989லதான்.) 1967ல் அவங்களுக்குச் சரியா 21. கணக்கு சரியா வந்தது.

மகன் விடல. "அப்பா சொன்ன சின்னத்துலதானே குத்தியிருப்பே?"

அம்மா ரொம்ப சாவகாசமா சொன்னாங்க.

"அவரும் அப்படித்தான்டா நெனச்சுக்கிட்டிருந்தாரு, சாகற வரைக்கும்."

எனக்குச் சிரிப்பு தாங்கல. மகன் முகத்துல ஈயாடல.

அப்புறம் அவங்களா சொன்னாங்க. ஒரு தடவை அரிசிக்காக. ஒரு தடவை பள்ளிக்கூடத்துல பிள்ளைக்குச் சோறு போட்டதுக்காக. ஒரு தடவை ஊருக்கு ரோடு போடறேன்னு சொல்லிட்டுப் போடாதவனுக்கு எதிரா. ஒரு தடவை ராஜீவ் காந்தி செத்த துக்கத்துக்காக. எந்தச் சின்னம்னு மட்டும் ஒரு தடவையும் சொல்லல. "அது எனக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்"னுட்டாங்க.

15/
1952ல் இருந்து நாம புரட்டின நோட்டுல இருக்குற நம்பர் எல்லாம் இப்படிப்பட்ட லட்சக்கணக்கான அம்மாக்கள் தனித்தனியா எடுத்த முடிவுகளோட கூட்டல். வெளியில இருந்து பார்க்கறவங்களுக்குச் சாதி தெரியும், கட்சி தெரியும், துட்டு தெரியும். மறைவுக்குள்ள போய் அவங்க என்ன நினைச்சாங்கன்னு தெரியாது. ஐம்பது வருஷம் கூடவே வாழ்ந்த வீட்டுக்காரருக்கே தெரியல.

அதனால சொந்தங்களே, அடுத்த தேர்தல் முடிவு வரும்போது, நமக்குப் பிடிக்காத பக்கம் ஓட்டு போட்ட ஊரைப் பார்த்து "முட்டாள் சனங்க"ன்னு பதிவு போடறதுக்கு முன்னாடி, அந்த ஊரோட நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. உங்க வீட்டுலயே இருக்குற பெரியவங்ககிட்ட "முதல் ஓட்டு எப்போ போட்டீங்க, ஏன்?"னு கேளுங்க. யாருக்குன்னு கேட்காதீங்க.

அந்தம்மா அடுத்த மாசம் செக்கப்புக்கு வந்தாங்க. சுகர் கொஞ்சம் குறைஞ்சிருந்தது, முட்டி வலி பரவாயில்லை. இடது கை ஆள்காட்டி விரலை என் மேஜை மேல வெச்சுக் காட்டினாங்க. நகம் வளர்ந்து மை கொஞ்சம் மேல ஏறி இருந்தது.

கூட வந்த மகன்தான் சொன்னார், "வண்டியில நான்தான் கூட்டிட்டுப் போனேன் டாக்டர்."